பத்தொன்பது குழந்தைகளுக்கு எத்தனை கைகள்?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் வசிக்கிறோம். தண்டையார்பேட்டையில் 120 பேர் வேலை செய்யும் ஒரு தையல் நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். எங்கள் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா தம் வீட்டு மாடியில் நடத்தும் காப்பகத்தில் காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை அவளை விடுகிறோம். மாதம் 2,000 ரூபாய். மொத்தம் 19 குழந்தைகள். அவர்களில் 11 பேர் மூன்று வயது நிறையாதவர்கள். அக்காவும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட அவருடைய தமக்கை மகளும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. போன வாரம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதியம் போனேன். எல்லாக் குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. என் மகளைத் தூக்கித் தோளில் போட்டும் அவள் கண் திறக்கவில்லை. அலமாரியில் ஒரு சளி மருந்து பாட்டில் இருந்தது. இரவில் ஒரு மணி வரை அவள் விழித்திருப்பதற்கு இதுதான் காரணமா? இதுபோன்ற இடங்களுக்கு அரசு விதி எதுவும் கிடையாதா? புகார் கொடுத்தால் அக்காவின் பிழைப்பு போய்விடும். எங்களைப் போன்ற குடும்பங்களும் பிள்ளைகளை விட இடமில்லாமல் நிற்போம். நான் என்ன செய்வது?
பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரி,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மருந்து பாட்டில். இந்தப் பதிலைப் படித்ததும் மகளை ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் பார்த்ததை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். சளி மருந்துகள் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் பொருள் இருக்கிறது. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டு, அந்த எச்சரிக்கையை மருந்தின் மேலேயே அச்சிடவும் சொன்னது. அளவு கூடினால் குழந்தையின் மூச்சே மந்தமாகிவிடும்.

அந்த அக்காவுக்கும் நியாயமாக இருக்க வேண்டும். காலையெல்லாம் ஓடியாடிய இரண்டு வயதுப் பிள்ளை மதியம் அடித்துப்போட்டாற்போல் தூங்குவது சாதாரணம். மதியம் மூன்று மணி நேரம் தூங்கினால் இரவில் விழித்திருக்கும் என்பதும் சாதாரணம். அலமாரியில் இருந்த மருந்து அவருடைய வீட்டுக்காக வாங்கியதாக இருக்கலாம். ஆகவே, குற்றம் சாட்டும் குரலில் போகாதீர்கள். "அக்கா, பாப்பாவை டாக்டரிடம் காட்டுகிறேன். இங்கே ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள், டாக்டருக்குத் தெரிய வேண்டும்" என்று கேளுங்கள். உண்மையைச் சொல்ல அவருக்கு அது ஒரு வழியைத் திறந்துவிடும். கேட்ட நொடியில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் "ஆமாம், எல்லோருக்கும் கொஞ்சம் கொடுப்பேன்" என்பதாக இருந்தால், அடுத்த நாள் உங்கள் மகள் அந்தப் படி ஏறக் கூடாது. அன்று மாலையே மற்றப் பெற்றோர்களுக்கும் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட குழந்தையைக் கொடுமைக்கு உள்ளாக்கினால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. குழந்தைகளைக் கவனிக்கும் ஓர் அமைப்பை நடத்துபவரோ அங்கே வேலை செய்பவரோ அதைச் செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் யாருடைய பிழைப்பையும் எண்ணித் தயங்காதீர்கள்.

மருந்து கொடுக்கவில்லை என்பது உறுதியானால் மேலே படியுங்கள். இனி நான் சொல்வது அந்த நிலைமைக்குத்தான்.

விதி எதுவும் கிடையாதா என்று கேட்கிறீர்கள். விதிகள் நிறையவே இருக்கின்றன. உங்கள் தெருக்கோடி வீட்டுக்குத்தான் அவை வந்து சேரவில்லை. அங்கன்வாடி அரசுடையது, அதற்கென்று நெறிமுறைகள் உண்டு. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2015-இல் தமிழ்நாடு அரசு ஓர் ஒழுங்குமுறைத் தொகுப்பு கொண்டுவந்தது. பள்ளி என்று பெயர்ப்பலகை வைத்து நடத்துபவர் கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றுகள் வாங்கியாக வேண்டும். நிறுவனங்களில் அமைக்கும் காப்பகங்களுக்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனால் ஒரு பெண் தன் வீட்டு மாடியில், பலகை எதுவும் இல்லாமல், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பத்து மணி நேரம் பார்த்துக்கொள்வதற்கென்று தனியாக எழுதிய உரிமச் சட்டம் நம் மாநிலத்தில் இல்லை. வடசென்னையில் வேலைக்குப் போகும் தாய்மார்களில் எத்தனையோ பேர் நம்பியிருப்பது இப்படிப்பட்ட வீடுகளைத்தான். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வாய் திறந்து புகார் சொல்லாது. அந்த வயதுக்குத்தான் பாதுகாப்பு மிகக் குறைவாக இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இதைச் சொல்ல எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது.

சட்டம் இல்லாவிட்டாலும் அளவுகோல் இருக்கிறது. முன்பருவக் குழந்தைப் பராமரிப்புக்கும் கல்விக்குமான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2013-இல் வெளியிட்டது. அதில் இரண்டு கணக்குகள் உங்களுக்கு வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒருவர், மூன்று முதல் ஆறு வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை வேண்டும், வெளியே விளையாட 30 சதுர மீட்டர் இடமும் வேண்டும்.

இதை அந்த மாடிக்குப் பொருத்திப் பார்ப்போம். மூன்று வயது நிறையாத 11 பேருக்கு இரண்டு பேர். மற்ற எட்டுப் பேருக்கு ஒருவர். ஆக மூன்று பெரியவர்கள். இருப்பது ஒருவரும் ஒரு சிறுமியும். அந்தச் சிறுமியை நான் பெரியவர் கணக்கில் சேர்க்க மாட்டேன். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை அவள். அவளை மறுபடி படிக்க அனுப்பச் சொல்லி அந்த அக்காவிடம் நீங்கள் எல்லோருமாகப் பேசினால் நான் மிகவும் மகிழ்வேன். அடுத்து அறை. 120 சதுர அடி. கொள்கையின் கணக்குப்படி ஒரு குழந்தைக்குப் பன்னிரண்டரை சதுர அடி வருகிறது. அப்படியானால் அந்த அறையில் ஒன்பது குழந்தைகள் இருக்கலாம். இருப்பது 19.

இந்த எண்களை வெறும் காகிதக் கணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு குழந்தை மலம் கழித்துவிட்டால் அதைக் கழுவிவிடப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் மீதிப் பதினெட்டுப் பேரை யார் பார்ப்பது? இன்னொன்று அழும், இன்னொன்று பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடிக்கும், மூன்றாவது ஒன்று கீழே கிடந்த சட்டைப் பொத்தானை எடுத்து வாயில் போடும். ஊட்டிவிடும் வேளை இன்னும் மோசம். நேரமில்லாததால் வாயில் திணிக்கத் தோன்றும். தொலைக்காட்சியைப் போட்டு உட்கார வைக்கத் தோன்றும். அதட்டத் தோன்றும், அடிக்கத் தோன்றும். கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கினால் தேவலை என்று தோன்றும். நல்ல மனுஷியைக்கூட இந்த எண்ணிக்கை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். ஆகவேதான், ஒரு காப்பகத்தைப் பார்க்கப் போகிறவர்களிடம் பொம்மைகளையும் சுவரில் வரைந்த படங்களையும் பார்க்காதீர்கள், தலைகளை எண்ணிவிட்டுக் கைகளை எண்ணுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

எண்ணிக்கைக்கு அடுத்தபடி நான் அஞ்சுவது தண்ணீருக்கு. நம் பகுதியில் லாரித் தண்ணீர் பிடித்து நிரப்பி வைக்காத வீடு உண்டா? நீல டிரம், குடங்கள், குளியலறையில் பக்கெட். தலைகுப்புற விழும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அரை பக்கெட் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு மழலை வகுப்புக் குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. இரண்டுமே பள்ளி என்ற பெயரில், பெரியவர்கள் பலர் இருந்த இடங்கள். அந்த மாடியில் டிரம் எங்கே இருக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறதா, குளியலறைக்கு வெளித் தாழ்ப்பாள் உண்டா என்று நாளைக் காலை குழந்தையை விடும்போதே பாருங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மூடியும் தாழ்ப்பாளும் வாங்க 500 ரூபாய்கூட ஆகாது.

பிறகு மாடிப்படி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்து ஓலைக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். மேல்மாடியிலிருந்து அவர்களால் இறங்க முடியவில்லை. சிறு பிள்ளைகளைத் தரைத்தளத்தில் வையுங்கள் என்று அதிகாரிகள் வலியுறுத்துவதற்குப் பின்னால் அந்தச் சாம்பல் இருக்கிறது. ஆனால் கொருக்குப்பேட்டையில் தரைத்தளம் என்றால் நவம்பர், டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் மாடி வேண்டவே வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்ல மாட்டேன். கேஸ் அடுப்பு குழந்தைகள் இருக்கும் அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருக்கக் கூடாது. படியின் மேல்முனையில் கதவு வேண்டும். அவசரம் என்றால் 19 பேரையும் இறக்க யார் வருவார்கள் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயோ தகப்பனோ அருகில் இருந்த நேரம் அது. நடுப்பகலில் அப்படி நடந்தால் அந்த அக்காவுக்கு இரண்டு கைதான்.

புகார் கொடுப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். என் பணிக்காலத் தொடக்கத்தில் ராயபுரத்தில் இதைப்போலவே ஒரு வீட்டைப் பார்த்தேன். 23 குழந்தைகள், ஓர் ஆயா. மனம் பதறி அறிக்கை எழுதினேன். இரண்டே நாளில் அந்த வீட்டைப் பூட்டினார்கள். சரியானதைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் கழித்து, காசிமேடு மீன் சந்தையில் அதே குழந்தைகளில் ஒருத்தியைப் பார்த்தேன். ஐஸ் பெட்டியின் ஓரத்தில், கத்தியும் கூடையும் புழங்கும் இடத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. மாற்று இடம் காட்டாமல் பூட்டச் சொன்னது என் தவறு. அன்றிலிருந்து, பூட்டு கடைசி வழி என்றே நான் நினைக்கிறேன்.

எனவே, மருந்தோ அடியோ பாலியல் தொந்தரவோ இருந்தால் உடனே புகார். ஆள் போதவில்லை, இடம் போதவில்லை என்றால் முதலில் எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள். அதற்கு உங்கள் தெருவிலேயே வழி இருக்கிறது, அது அங்கன்வாடி. நம் மக்கள் பால்வாடி என்று சொல்லிச் சற்று மட்டமாக நினைக்கும் அதே இடம்தான். தமிழ்நாட்டில் இரண்டு வயது நிறைந்த குழந்தையை அங்கே சேர்க்கலாம். மதியம் சூடான சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, விளையாட்டு, எடை பார்ப்பது எல்லாம் இலவசம். குறை என்னவென்றால் பிற்பகலோடு முடிந்துவிடும், உங்களுக்கோ மாலை ஆறரை வரை வேண்டும். இரண்டையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வயது நிறைந்த குழந்தைகள் காலையில் அங்கன்வாடிக்குப் போகட்டும். அது முடிந்ததும் காப்பகத்துக்கு வரட்டும். கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலையைத் தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீட்டார் ஏற்கலாம். அப்போது காலை முழுவதும் அந்த மாடியில் கைக்குழந்தைகளும் தவழ்கிற குழந்தைகளும் மட்டும்தான் இருப்பார்கள். ஊட்டும் வேளையின் நெருக்கடியும் பாதியாகக் குறையும்.

மாலைக்குள் மறுபடி 19 ஆகிவிடும், அதை மறைக்க மாட்டேன். மூன்று பெரியவர்கள் என்ற கணக்கு எட்டாவிட்டாலும், இரண்டாவது ஆளாவது வேண்டும். வீட்டுக்கு 600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் மாதம் 11,400 ரூபாய் சேரும். உங்கள் தெருவிலேயே பிள்ளை வளர்த்துப் பழகிய ஒரு பெண்மணியை அந்தப் பணத்துக்கு அமர்த்தலாம். 600 ரூபாய் உங்கள் சம்பளத்தில் சிறிய தொகை இல்லை என்பதை அறிந்தே சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு ஈடாக நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. புதிதாக ஒரு குழந்தையைக்கூடச் சேர்க்கக் கூடாது. பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் எந்த மருந்தும் தரக் கூடாது. பெற்றோர் எந்த நேரத்திலும் சொல்லாமல் வந்து பார்க்கலாம். இந்தக் கடைசி நிபந்தனைக்கு அவர் மறுத்தால், வேறு எதையும் பேச வேண்டாம், குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் நிறுவனத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கண்ணில் பட்டது. 120 பேர்! ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. தாய் நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே ஐம்பதையும் அதே நான்கு முறையையும் வைத்திருக்கிறது. நிறுவனம் தனியாகக் கட்ட வேண்டும் என்பதுகூட இல்லை, பொதுவான ஓர் இடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். தனியாகப் போய் மேலாளரிடம் நிற்காதீர்கள். சிறு குழந்தை உள்ள பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணி, எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுங்கள். நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போக அந்த நகல் வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பராமரிப்புக்கு அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 45-ஆவது கூறு சொல்கிறது. முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முயல வேண்டும், செய்யலாம். ஆறு வயதுக்கு மேல் உரிமையாக இருப்பது, அதற்குக் கீழே இப்படி மெலிந்துபோகிறது. வீட்டுக் காப்பகங்களைப் பதிவு செய்வதை எளிதாக்கி, அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டாவது ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்று, அதன் பிறகு ஆய்வுக்கு வர வேண்டும். ஆய்வு மட்டும் வந்து உதவி வராவிட்டால் நான் ராயபுரத்தில் செய்ததுதான் திரும்பவும் நடக்கும். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த மத்திய அரசின் பால்னா திட்டம் இடம் தருகிறது. உங்கள் அங்கன்வாடியை அப்படி மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பத்தொன்பது குடும்பங்களும் கையெழுத்திட்ட மனுவை, ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். கூட்டத்துக்கு யாரும் விடுப்பு எடுக்க முடியாவிட்டால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் பதிவு செய்யுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே அங்கன்வாடிக்குப் போய்விடுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார் நகல்களைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த அக்காவையும் உடன் அழைத்துப் போங்கள். அங்கன்வாடிப் பணியாளரும் அவரும் ஒருவரையொருவர் அறிந்து வைத்திருந்தால், குழந்தை இங்கிருந்து அங்கே போகும்போது இடையில் தவறாது. மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.